ஓட்டையை அடைக்கலாம், செத்த தசையை என்ன செய்ய?

"ஆபரேஷன் கிடையாது. தொடையில ஒரு சின்னத் துளை, ஒரு டியூப், அவ்வளவுதான். அட்டாக்குல பழுதான இதயம் மறுநாளே பழையபடி ஆயிடும்!"

இப்படி ஒரு வாட்ஸ்அப் செய்தி அடிக்கடி சுத்தும். கீழே கைகூப்புற படம் மூணு. "பத்து பேருக்கு அனுப்புங்க"ன்னு ஒரு வரி. முழுப் பொய்யா இருந்தா சிரிச்சுட்டு அழிச்சிட்டுப் போயிடலாம். எரிச்சலே என்னன்னா, இதுல பாதி நிஜம். அந்த நிஜப் பாதி, செய்தியை எழுதின புண்ணியவானுக்கே தெரியாத அளவுக்கு ஆச்சரியமானது. மிச்சப் பாதிதான் வில்லங்கம்.

முதல்ல ஒரு குழப்பத்தை ஓரமா வச்சிடலாம். ஸ்டென்ட் வேற, இது வேற.

ஸ்டென்ட் வைக்கிறது இதயத்துக்கு ரத்தம் கொண்டு போற குழாயைத் திறந்து விடற வேலை. 1977 செப்டம்பர்ல சூரிச் நகரத்துல ஆண்ட்ரியாஸ் க்ரூன்ட்ஸிக்ங்கிற டாக்டர், 38 வயசு நோயாளி ஒருத்தருக்கு பலூனை ஊதி அடைப்பை விலக்கினார். அவர்கிட்டப் பழகின மேத்யூ சாமுவேல் களரிக்கல் 1986ல சென்னையில அதைச் செஞ்சு, இந்தியாவுல ஆஞ்சியோபிளாஸ்டியைத் தொடங்கி வச்சார். இன்னிக்குத் திருச்செந்தூர் பஸ்ஸுல ஏறினா, "எங்க மாமாவுக்கு ரெண்டு ஸ்டென்ட் இருக்கு"ன்னு சொல்ற ஆள் ஒருத்தராவது இருப்பார். 2017 பிப்ரவரியில மத்திய அரசு மருந்து தடவின ஸ்டென்டுக்கு 29,600 ரூபாய்னு உச்ச விலை போட்டதுக்கு அப்புறம் அந்தப் பேச்சு இன்னும் சகஜமாயிடுச்சு.

சரி, குழாயைத் திறந்தாச்சு. திறக்கறதுக்கு முன்னாடி ரத்தம் கிடைக்காமக் கிடந்த தசை? அது செத்துப் போச்சு. வாட்ஸ்அப் செய்தி அளக்கறது இந்தச் செத்த தசையைப் பத்தித்தான்.

செத்த தசை சில பேருக்குக் கிழிஞ்சும் போகும். ஒண்ணு, முதல் 24 மணி நேரத்துக்குள்ள கிழியும். இல்லன்னா மூணாம் நாள்லயிருந்து அஞ்சாம் நாளுக்குள்ள. இந்த ரெண்டாவது கெடுதான் கொடுமை. நெஞ்சுவலி நின்னு, நோயாளி இட்லி கேட்டு, சொந்தக்காரங்க "பொழச்சிட்டார்"னு ஊருக்கு போன் போட்டு முடிச்ச பிறகு வரும். திடீர்னு மூச்சு வாங்கும். பிரஷர் இறங்கும். டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வச்சா, நேத்து வரைக்கும் இல்லாத ஒரு இரைச்சல் கேட்கும். எக்கோ எடுத்துப் பார்த்தா, இதயத்தோட இடது கீழறைக்கும் வலது கீழறைக்கும் நடுவுல இருக்கிற சுவர்ல ஓட்டை.

உடம்புக்குப் போகவேண்டிய ரத்தம் அந்த ஓட்டை வழியா வலது பக்கம் பாய்ஞ்சு நுரையீரலை மூழ்கடிக்கும். இப்படிக் கீழறைச் சுவர் கிழியறதுக்குப் பேர் வி.எஸ்.ஆர். மருந்தை மட்டும் நம்பினா? 1990களில் நடந்த கஸ்டோ-1ங்கிற பெரிய ஆய்வுல, இப்படி ஓட்டை விழுந்து ஆபரேஷன் இல்லாம மருந்தோட விடப்பட்டவங்கள்ல 94 சதவீதம் பேர் ஒரு மாசத்துக்குள்ள இறந்து போனாங்க. ஆபரேஷன் செஞ்சவங்கள்ல 47 சதவீதம் பேர்.

அப்போ ஆபரேஷன்தானே வழி? வழிதான். 1950களில் டென்டன் கூலி தொடங்கி வச்சது. ஆனா சர்ஜனோட கஷ்டம் என்னன்னா, அஞ்சு நாள் ஆன அந்தத் தசை ரசத்துல ஊறின அப்பளம் மாதிரி. ஊசி போன இடமெல்லாம் கிழியும். தையல் நிக்காது. அமெரிக்க சர்ஜன்கள் சங்கம் 2,876 நோயாளிகளோட கணக்கைப் பார்த்தப்போ, அட்டாக் வந்த ஏழு நாளுக்குள்ள ஆபரேஷன் செஞ்சவங்கள்ல 54 சதவீதம் பேர் இறந்திருந்தாங்க. ஏழு நாள் கழிச்சு செஞ்சவங்கள்ல 18 சதவீதம்தான்.

(உடனே "அப்போ பொறுத்திருந்து செய்யலாமே"ன்னு தோணும். அங்கதான் கணக்கு ஏமாத்துது. பொறுத்திருக்க முடியாதவங்க அந்த ஏழு நாளுக்குள்ளயே போயிட்டாங்க. தாக்குப் பிடிச்சவங்கதான் எட்டாம் நாள் மேஜைக்கு வந்தாங்க.)

இந்த இக்கட்டுலதான் டியூப் உள்ள வருது.

குழந்தைகளுக்குப் பிறவியிலேயே இருக்கிற இதய ஓட்டையை டியூப் வழியா அடைக்கிற வித்தையை, பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் டாக்டர் ஜேம்ஸ் லாக் 1988ல கீழறைச் சுவர் ஓட்டைக்கும் செஞ்சு காட்டினார். அந்த முதல் நோயாளிகள்ல அட்டாக்கால ஓட்டை விழுந்த பெரியவங்களும் உண்டு. கருவி மட்டும் சரியா அமையல. அதை அமைச்சுக் கொடுத்தவர் கர்ட் ஆம்ப்ளாட்ஸ். ஆஸ்திரியாவுல பிறந்து, அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகத்துல வேலை பார்த்த எக்ஸ்ரே நிபுணர். மெல்லிசு நிட்டினால் கம்பியைப் பின்னி, ரெண்டு பக்கம் தட்டு, நடுவுல குட்டி இடுப்புன்னு ஒரு அடைப்பான் செஞ்சார். இழுத்தா கயிறு மாதிரி நீண்டு டியூபுக்குள்ள போயிடும். வெளியில தள்ளினா தானா பழைய உருவத்துக்கு விரியும். உள்ள பாலியெஸ்டர் துணி வச்சுத் தைச்சிருக்கும், ரத்தம் அதுல உறைஞ்சு ஓட்டை மூடிக்கறதுக்காக.

இந்த இடத்துல தூத்துக்குடிப் பக்கத்துச் சாகுபுரத்துக்காரங்க கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கலாம். நிட்டினால்னா நிக்கலும் டைட்டானியமும் சேர்ந்த உலோகம். டைட்டானியம் எங்கிருந்து வருது? நம்ம தென்கடற்கரை மணல்ல கருப்பாக் கிடக்கிற இல்மனைட் மாதிரி தாதுக்கள்ல இருந்து. ஆறுமுகநேரிக்கும் காயல்பட்டினத்துக்கும் நடுவுல, உப்பளத்துக்குப் பக்கத்துல இருக்கிற சாகுபுரத்துல 1950களோட கடைசியில காஸ்டிக் சோடாவோட ஆரம்பிச்ச டி.சி.டபிள்யூ ஆலை, இல்மனைட்டைச் சுத்திகரிச்சு செயற்கை ரூட்டைலும் தயாரிக்குது. அது டைட்டானியத்துக்கான மூலப்பொருள். உடனே "உலகத்து இதயத்தையெல்லாம் சாகுபுரம்தான் அடைக்குது"ன்னு ஒரு ஃபார்வர்டு தயார் பண்ணிடாதீங்க. செயற்கை ரூட்டைல்ல பெரும்பங்கு போறது வெள்ளை பெயின்ட்டுக்கு.

நிட்டினாலுக்கு உருவத்தை ஞாபகம் வச்சுக்கிற குணம் உண்டுன்னு கண்டுபிடிச்ச கதையும் ருசியானது. 1960 வாக்குல அமெரிக்கக் கடற்படையோட ஆய்வகம். ஒரு கூட்டத்துல விசிறி மடிப்பா மடிச்ச நிட்டினால் தகட்டைக் கைமாத்திப் பார்த்துக்கிட்டு இருந்தாங்க. சுங்கான் பிடிக்கிற ஆசாமி ஒருத்தர் சும்மா இருக்காம லைட்டரை அதுக்குக் கீழே காட்ட, தகடு தானா நிமிர்ந்துக்கிச்சாம். கப்பற்படைக்காகப் பார்த்த உலோகம், கடைசியில இதயத்துக்குள்ள போய் உக்காந்திருக்கு.

இப்போ இந்த டியூப் வேலை நடக்கிற கேத் லேப்புக்குள்ள என்ன நடக்குதுன்னு பார்ப்போம். வாட்ஸ்அப்புல "ஒரு டியூப்"னு ஒத்தை வார்த்தையில முடிச்ச சமாச்சாரம் இது.

நோயாளி அனேகமா வென்டிலேட்டர்ல இருப்பார். இதயத்துக்குத் துணையா பெருந்தமனியில ஒரு பலூன் பம்ப் ஓடிக்கிட்டு இருக்கும். தொடைத் தமனி வழியா ஒரு மெல்லிசு வயர் உள்ள போகுது. பெருந்தமனியைத் தாண்டி இடது கீழறை. அங்கிருந்து ஓட்டையைத் தேடிப் பிடிச்சு வலது பக்கம் போகணும். ஓட்டைன்னு சொன்னதும் வட்டமா ஒரு துளையை நினைச்சுக்காதீங்க. குழந்தைகளுக்கு இருக்கிற பிறவி ஓட்டைக்காவது விளிம்பு கெட்டியா இருக்கும். இதுல விளிம்பே கிடையாது. பல நேரம் இது எலி வளை மாதிரி ஒரு பக்கம் புகுந்து கோணல்மாணலா ஓடி இன்னொரு பக்கம் வெளியே வரும்.

வயர் அந்தப் பக்கம் வந்ததும், கழுத்துச் சிரை வழியா இறங்கின சுருக்குக் கண்ணியால அதைப் பிடிச்சு வெளியே இழுத்துடுவாங்க. இப்போ தொடையில நுழைஞ்ச கம்பி இதயத்துக்குள்ள புகுந்து கழுத்து வழியா வெளியே வந்திருக்கு! அது மேலதான் கழுத்துப் பக்கமிருந்து பெரிய டியூபை ஏத்தி ஓட்டைக்குள்ள கொண்டு போறாங்க. முதல்ல இடது பக்கத் தட்டு விரியும். மெதுவா இழுத்து சுவரோட ஒட்ட வைப்பாங்க. அப்புறம் வலது பக்கத் தட்டு. எக்கோவுல பார்த்து, கசிவு குறைஞ்சிருக்கு, பக்கத்து வால்வு இடிபடலைன்னு உறுதியான பிறகுதான் கருவியைக் கழட்டி விடுவாங்க. அது வரைக்கும் திரும்ப உள்ள இழுத்துக்கலாம்.

எத்தனை பெரிய ஓட்டைக்கு? 15 மில்லிமீட்டரைத் தாண்டினா டாக்டர்கள் யோசிப்பாங்க. ஓட்டையை விட நல்லாவே பெரிய கருவி போடணும், ஏன்னா சுத்தியிருக்கிற தசை இன்னும் செத்துக்கிட்டே இருக்கும். இன்னிக்கு 10 மில்லிமீட்டரா இருக்கிறது நாளைக்கு அப்படியே இருக்கும்னு யாராலும் சொல்ல முடியாது. அட்டாக்கால வர்ற ஓட்டைக்குன்னே தயாரிக்கிற ஆம்ப்ளாட்ஸர் கருவி 24 மில்லிமீட்டர் வரைக்கும்தான் இருக்கு.

பலன் என்னன்னு கேட்டா, பிரிட்டன் டாக்டர்கள் 2022ல வெளியிட்ட கணக்கு நேர்மையானது. 362 நோயாளிகள். 131 பேருக்கு டியூப் வழியா, 231 பேருக்கு ஆபரேஷன். மருத்துவமனையிலேயே இறந்தவங்க டியூப்ல 55 சதவீதம், ஆபரேஷன்ல 44 சதவீதம். அஞ்சு வருஷம் கழிச்சுப் பார்த்தா ரெண்டுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. "டியூப் தோத்துப் போச்சா?"ன்னா, அப்படிச் சொல்றது அவசரம். ஆபரேஷன் தாங்காதுன்னு ஒதுக்கப்பட்டவங்கதான் பெரும்பாலும் டியூபுக்கு வர்றாங்க. மருந்தோட விட்டா நூத்துக்கு 94 பேர் போற இடத்துல 55 பேரோட நிறுத்தறது சின்ன விஷயம் இல்ல. ஆனா "மறுநாளே பழையபடி"ங்கிற வார்த்தை இந்தக் கணக்குல எங்கேயும் இல்ல.

நம்ம பக்கத்துல? சென்னை முகப்பேர்ல இருக்கிற மெட்ராஸ் மெடிக்கல் மிஷன்ல கே. சிவகுமார் குழு, குழந்தைகளோட இதய ஓட்டையை டியூப் வழியா அடைக்கறதுல பேர் போனது. செகந்தராபாத் கிம்ஸ் டாக்டர்கள் அட்டாக்குக்கு அப்புறம் வந்த ஓட்டைகளை அடைச்ச அனுபவத்தை இந்தியன் ஹார்ட் ஜர்னல்ல எழுதியிருக்காங்க. இதுல ஒரு வேடிக்கை: 70 வயசுத் தாத்தாவுக்கு ஓட்டை விழுந்தா பல இடங்கள்ல கூப்பிடறது குழந்தைகள் இதய டாக்டரை! ஓட்டையை அடைச்சு அடைச்சுக் கை பழகினவங்க அவங்கதானே.

டியூப் வழியா இன்னொரு ரிப்பேரும் உண்டு. அது வால்வு. அட்டாக்குக்கு அப்புறம் இடது கீழறை வீங்கி விரிஞ்சா, மைட்ரல் வால்வோட ரெண்டு இதழும் சேராமப் போய் ரத்தம் பின்னாடி கசியும். அந்த ரெண்டு இதழையும் நடுவுல சேர்த்து ஒரு கிளிப் போட்டுடறாங்க. துணி காயப் போடற கிளிப்பை விடச் சின்னது. 2018ல கோஆப்ட்ங்கிற ஆய்வு, 614 பேரை வச்சு, ரெண்டு வருஷத்துல இறந்தவங்க கிளிப் போட்டவங்கள்ல 29 சதவீதம், மருந்து மட்டும் எடுத்தவங்கள்ல 46 சதவீதம்னு சொன்னதும் எல்லாரும் எழுந்து நின்னு கைதட்டினாங்க. அதே வருஷம் பிரான்ஸ்ல மித்ரா-எஃப்.ஆர்.ங்கிற ஆய்வு, 304 பேரை வச்சு, ஒரு பலனும் தெரியலைன்னு சொல்லிடுச்சு. ரெண்டும் பொய் சொல்லல. கசிவு பெருசாவும் இதயம் ரொம்ப வீங்காமலும் இருக்கிறவங்களுக்குக் கிளிப் உதவுது, இதயமே பலூனா ஆனவங்களுக்கு உதவலைன்னு பெரும்பாலான டாக்டர்கள் புரிஞ்சுக்கிட்டாங்க. ஆளைப் பார்த்துப் போடணும். வெளிநாட்டுக் கிளிப் லட்சக்கணக்குல ஆகும். குஜராத் வாபியில இருக்கிற மெரில் நிறுவனம் சொந்தமா மைக்ளிப்னு ஒண்ணைக் கொண்டு வந்திருக்கு. ஸ்டென்டுக்கு நடந்த மாதிரி விலை இறங்கினா நல்லது.

இனி அந்த மிச்சப் பாதி.

செத்த தசையை உயிர்ப்பிக்கிற டியூப் இன்னும் வரல. முயற்சி பண்ணாமலும் இல்ல. இருபது வருஷத்துக்கும் மேலா ஸ்டெம் செல்லை டியூப் வழியா இதயத்துக்குள்ள ஊத்திப் பார்த்தாங்க. அந்த நம்பிக்கைக்கு நெய் ஊத்தினவர் ஹார்வர்ட்ல இருந்த பியரோ அன்வர்சா. இதயத் தசை தானா வளர வைக்கிற செல் இருக்குன்னு பக்கம் பக்கமா எழுதினார். 2018ல ஹார்வர்டே, அவரோட ஆய்வகத்துல இருந்து வந்த 31 கட்டுரைகளைத் திரும்பப் பெறணும்னு சொல்லிடுச்சு. அதை நம்பி எத்தனை நாட்டுல எத்தனை நோயாளிக்கு ஊசி போட்டாங்களோ! வாட்ஸ்அப்புக்கு மட்டும் அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரல.

பாராசூட்னு ஒண்ணு வந்தது. நிட்டினால் கம்பியில குடை மாதிரி செஞ்சு, செத்துப் போன நுனிப் பகுதியை மட்டும் தடுப்புக் கட்டித் தனியாக்கிடறது. யோசனை அழகு. ஆனா 2017ல அதோட பெரிய ஆய்வு பாதியிலேயே நின்னு போச்சு.

இப்போ நம்பிக்கையோட பார்க்கப்படறது கலிஃபோர்னியா சான் டியேகோவுல கேரன் கிறிஸ்ட்மன் குழு செஞ்ச ஜெல். பன்னி இதயத் தசையில இருந்து செல்லையெல்லாம் கழுவி எடுத்துட்டு, மிச்சமிருக்கிற சட்டகத்தை ஜெல்லாக்கி, டியூப் நுனியில இருக்கிற ஊசியால இதயச் சுவர்ல 18 இடம் வரைக்கும் போடறாங்க. 2019ல முதல் மனுஷ ஆய்வு வெளியாச்சு. மொத்தம் 15 பேர். பாதுகாப்பா இருக்குன்னு தெரிஞ்சது. 15 பேரை வச்சு அதுக்கு மேல எதையும் சொல்லக் கூடாது.

திரும்ப சாகுபுரம். ஓட்டை விழுந்தா அடைக்கிற வித்தை சென்னையில இருக்கு, ஹைதராபாத்துல இருக்கு. ஓட்டையே விழாம இருக்க என்ன வழி? அதே கஸ்டோ-1 ஆய்வுக்குள்ள இதுக்கு ஒரு பதில் இருக்கு. ரத்தக்கட்டியைக் கரைக்கிற மருந்து வர்றதுக்கு முன்னாடி அட்டாக் வந்தவங்கள்ல நூத்துக்கு ஒருத்தர் ரெண்டு பேருக்கு இப்படிச் சுவர் கிழிஞ்சது. மருந்து கொடுத்த 41,021 பேர்ல 84 பேருக்குத்தான், ஆயிரத்துக்கு ரெண்டு. சீக்கிரம் மருந்து போனா சுவர் சாகறது குறையும். ஆனா 2008ல வெளியான கிரியேட் பதிவேட்டுல, 20,468 இந்திய நோயாளிகளைப் பார்த்தப்போ, நெஞ்சுவலி தொடங்கி மருத்துவமனை வாசலை மிதிக்க சராசரியா 360 நிமிஷம் ஆகியிருந்தது. ஆறு மணி நேரம்!

ஆறு மணி நேரம் எங்க போகுதுன்னு நம்ம ஊர்க்காரங்களுக்குச் சொல்லித் தரணுமா? "வாய்வுதான் அண்ணாச்சி, ஒரு சோடா குடிங்க"ன்னு ஒரு மணி நேரம். ஓமத்திரவம் ஒரு மணி நேரம். படுத்துப் பார்த்தது ரெண்டு மணி நேரம். அட்டாக்கோட முக்கியமான அடையாளம் திடீர்னு கொட்டற வேர்வை; உப்பளத்துல பாத்தியில நிக்கிறவருக்கு வேர்வை எப்போ அதிசயமா இருந்தது? அதுக்கப்புறம்தான் வண்டி தேடறது. வடக்கே தூத்துக்குடி 30 கி.மீ. சொச்சம், மேற்கே திருநெல்வேலி 50 கி.மீ. சொச்சம். 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 செ.மீ. கிட்ட மழை கொட்டினப்போ இந்த ரெண்டு திசையும் தண்ணிக்குள்ள போச்சு. திருச்செந்தூர்ல இருந்து கிளம்பின ரயில் சுமார் 800 பேரோட ஸ்ரீவைகுண்டத்துல நின்னது. அன்னிக்கு ராத்திரி நெஞ்சைப் பிடிச்சவங்களுக்கு எந்த கேத் லேப்?

அதனாலதான் தமிழ்நாட்டு டாக்டர்கள் செஞ்ச ஒரு காரியம், நிட்டினால் அடைப்பானை விடவும் கைதட்டலுக்கு உரியதுன்னு தோணுது. மெட்ராஸ் மெடிக்கல் மிஷனோட அஜித் முள்ளசாரி, கோவையில தாமஸ் அலெக்சாண்டர் இவங்க சேர்ந்து, சின்ன மருத்துவமனைகளை கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனையோட கோத்து விட்டாங்க. பக்கத்துல இருக்கிற சின்ன மருத்துவமனையிலேயே ஈசிஜி எடுத்து, கட்டியைக் கரைக்கிற ஊசியைப் போட்டுட்டு, நிதானமா ஆம்புலன்ஸ்ல பெரிய மருத்துவமனைக்கு அனுப்பி ஆஞ்சியோ பார்க்கறது. 2,420 நோயாளிகளைப் பார்த்த அந்த ஆய்வு 2017ல வெளியாச்சு. ஒரு வருஷத்துல இறந்தவங்க 17.6 சதவீதத்துல இருந்து 14.2 ஆ குறைஞ்சிருந்தாங்க. புதுக் கருவி எதுவும் கண்டுபிடிக்காம!

2023ல தமிழக அரசு "இதயம் காப்போம்"னு ஒரு திட்டம் கொண்டு வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துல மட்டும் இல்ல, நர்ஸ் இருக்கிற துணை சுகாதார நிலையத்துலயும் 14 மாத்திரை தயாரா இருக்கும்: ஆஸ்பிரின் ரெண்டு, க்ளோபிடோக்ரல் நாலு, அட்டோர்வாஸ்டாட்டின் எட்டு. அட்டாக்னு சந்தேகம் வந்தா முதல்ல அதைக் கொடுத்துட்டு பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவாங்க. (இதை நாமளா வாங்கி வீட்டுல வச்சு முழுங்கற விஷயமா நினைச்சுடாதீங்க. வலி வேற காரணத்தால வந்திருந்தா ஆஸ்பிரின் ஆபத்தாவும் முடியலாம். பார்த்துக் கொடுக்க அங்க ஆள் இருக்காங்க.) பதினாலும் இலவசம். காசு கொடுத்து வாங்க வேண்டியது ஓமத்திரவம்தான்.